ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாக்கி

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாமிக்கு விரதம் இருந்தா நல்லது?"

கேட்டவர் ஆறுமுகநயினார். அம்பாசமுத்திரத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயிறு சட்டைப் பொத்தானைத் தாண்டப் பார்க்கிறது.

கேட்கப்பட்டவர் உலகம்மை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். தாமிரபரணிப் படித்துறைக்கு மேலே தகரக் கூரை போட்ட சின்ன மடம் அவருடையது. மதியம் அங்கே யார் போனாலும் கஞ்சி கிடைக்கும். பதில் கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நயினார் அவரை அம்மா என்பார். அவர் நயினாரை அண்ணாச்சி என்பார். இப்படியும் ஒரு குருவா, இப்படியும் ஒரு சீடனா என்று ஊரில் சிரிப்பவர்கள் உண்டு. நயினார் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. "கரண்டுக்கு வயசு பாத்தா முடியுமாவே?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

உலகம்மை அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய சோறு, மோர், நாலு சின்ன வெங்காயம்.

"ஞாயித்துக்கிழமைக்கு எதுக்கு வாறிய? மத்த கிழமை எல்லாம் என்ன ஆச்சு?"

"தீந்து போச்சும்மா."

"தீந்து போச்சா?"

"திங்கள் சிவனுக்கு, கடை ஓடணும்னு. செவ்வாய் முருகனுக்கு, இடத்து வழக்கு முடியணும்னு. புதன் பெருமாளுக்கு..." நயினார் நெற்றியைத் தேய்த்தார். "புதன் எதுக்குன்னு மறந்து போச்சு. ஆனா விடாம இருக்கேன். வியாழன் குரு பகவானுக்கு, மக படிப்புக்காக. வெள்ளி அம்மனுக்கு. சனிக்கிழமை சனீஸ்வரரை விட முடியுமா? ஞாயிறு ஒண்ணுதான் சும்மா கெடக்கு."

"சும்மா கெடந்தா கெடந்துட்டுப் போகுது."

"அன்னைக்குக் கறி எடுக்கது வழக்கம்மா. அதையும் விட்டுரலாம்னு பாக்கேன். செலவு தாங்கல."

"என்ன செலவு?"

"சாப்பாட்டுச் செலவுதான்."

உலகம்மை வெங்காயத்தைக் கடிப்பதை நிறுத்தினார்.

"வாரத்துல ஆறு நாள் விரதம் இருக்கிய."

"ஆமா."

"சாப்பாட்டுச் செலவு தாங்கலங்கிய."

"அதாம்மா எனக்கும் விளங்கல. வாயக் கட்டி வயித்தக் கட்டித்தான் இருக்கேன். காசு மட்டும் கையில நிக்க மாட்டேங்கு."

இதைச் சொல்லும்போது நயினாரின் முகத்தில் துளி பொய் கிடையாது. மனிதர் மனதாரச் சொன்னார். அதுதான் வேடிக்கை. பொய் சொல்கிறவனைத் திருத்திவிடலாம். மனதாரச் சொல்கிறவனை என்ன செய்வது?

"ஞாயிறும் சேத்து இருந்துட்டா ஒரு வழி பொறக்கும்னு தோணுது. நீங்க ஒரு சாமியைச் சொல்லுங்க."

"அவ்வளவு பணமுடையா?"

நயினாரின் குரல் இறங்கியது.

"பகவதிக்கு நர்சிங் படிக்க இடம் கெடச்சிருக்கும்மா. திருநெல்வேலியில. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும். கட்டலைன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும். போன வருசமும் இதே மாதிரிதான் கை நழுவிச்சு. அவ ஒரு வார்த்த சொல்லல. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனா. இந்தத் தடவையும் போச்சுன்னா அவ மூஞ்சில முழிக்க முடியாது."

"வீட்டுல ஒண்ணுமே இல்லையா?"

"வீட்டுல இருக்கு."

"இருக்கா?"

"மஞ்சப்பையில இருக்கு. சாமி படத்துக்குப் பின்னால." நயினார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதத் தொடக்கூடாதும்மா. அது விரத நிறைவுக்கு. நாளை மறுநாளோட ஒன்பது வியாழக்கிழமை முடியுது. நூறு இலை போட்டு விருந்து வைக்கேன்னு வேண்டியிருக்கேன்."

"என்னன்னு வேண்டினிய?"

"பகவதிக்குப் படிக்க இடம் கெடைக்கணும்னு."

"கெடச்சிட்டு."

"கெடச்சிட்டுல்லா! அதனாலதான விருந்து."

கீழே ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. உலகம்மை குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவர் சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று நயினாருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கோபத்தைத்தான்.

"இரிங்க அண்ணாச்சி. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் பேசுவோம்."

"ஐயையோ, இன்னைக்குச் செவ்வாய்ம்மா. சோறு தொடக்கூடாது."

"பின்ன பட்டினியா?"

"பட்டினின்னு இல்ல. பலகாரம் மட்டும்."

எங்கள் பக்கத்து விரதத்தின் சூட்சுமம் இதுதான். சோற்றைத் தொடாவிட்டால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். மற்றபடி உள்ளே எது போனாலும் அது சாப்பாட்டில் சேராது. இதை யார் ஆரம்பித்தார்களோ, நல்ல பசிக்காரராக இருந்திருக்க வேண்டும்.

"பலகாரம் எங்க?"

நயினார் ஒரு பையை இழுத்து முன்னால் வைத்தார். உலகம்மை ஒரு வாழையிலையை விரித்தார்.

"எடுத்து வைங்க. பாப்போம்."

முதலில் நெய் ரவா தோசை வந்தது. வெங்காயம் போடாதது. வெங்காயம் போடாமல் தனியாக ஊற்ற வேண்டும் என்று ஹோட்டலில் அதற்கு விலை அதிகம். பிறகு இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். பிறகு உளுந்த வடை. பிறகு கேசரி. பிறகு செவ்வாழை, பேரீச்சம்பழம், நெய்யில் வறுத்த முந்திரி.

"முந்திரி எதுக்கு?"

"மயக்கம் கியக்கம் வந்துட்டா வாயில போட. வெறும் வயிறுல்லா."

கடைசியாக ஒரு பிளாஸ்க் நிறைய பனங்கற்கண்டு போட்ட பால் வந்தது. இலையில் இடம் இல்லை. கீழே வைத்தார்.

"இது எத்தன பேருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தாம்மா. மதியத்துக்கு. ராத்திரிக்கு விரதம் முடிக்கது வேற."

"இதைத் தூக்கிட்டு வெயில்லயா நடந்து வந்திய?"

"விரத நாள்ல நடக்கக் கூடாதும்மா, தலை சுத்திரும். ஆட்டோவுலதான். வெளிய நிக்கச் சொல்லியிருக்கேன்."

உலகம்மை எழுந்து வாசலுக்குப் போனார். ஆட்டோக்காரரை உள்ளே வரச் சொன்னார். படித்துறையைப் பார்த்துக் கைதட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

உலகம்மையும் உட்கார்ந்தார். ஒரு வடையை எடுத்துப் பாதியாகப் பிட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு உங்க விரதத்த நாங்க இருக்கோம்."

இருந்தார்கள். நால்வரும் நன்றாகவே இருந்தார்கள். ஆட்டோக்காரர் ரவா தோசையை மடித்து ஒரே வாயில் போட்டார். துவைத்த பெண்களில் ஒருத்தி கேசரி ஏ ஒன் என்றாள். முந்திரி இருந்த காகிதத்தைத் தட்டி, அடியில் கிடந்த தூளையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.

நயினார் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் முகத்தில் பெருமை இருந்தது. பிறகு அது மெல்லக் குறைந்தது. செவ்வாழைக்கு உலகம்மை கை நீட்டியபோது அவர் எச்சில் விழுங்கினார்.

இலை காலியானது.

"அம்மா..."

"என்ன?"

"பசிக்குது."

"எப்படி இருக்கு?"

"அடிவயித்துல யாரோ கையைப் போட்டுப் பிசையித மாதிரி இருக்கு. ரொம்ப நாளாச்சும்மா இப்படி."

"கஞ்சி இருக்கு."

"சோறு கூடாதும்மா. மகளுக்காக இருக்க விரதமெல்லாம் வீணாயிரும்." கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"அது வியாழக்கிழமைல்லா?"

"செவ்வாய் ஒடைஞ்சா வியாழனும் ஒடைஞ்சிரும்மா. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கனெக்சன்."

கரண்டு வேலை செய்கிறவரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? உலகம்மை கையைக் கழுவினார்.

"நாளைக்கு மதியம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாறேன்."

நயினாருக்குப் பசி பறந்துவிட்டது. உலகம்மை யார் வீட்டுக்கும் போனதில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் காரை அனுப்பியே வரவில்லை. நயினார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்கத்தான் ஆட்டோக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆட்டோ நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஹோட்டலுக்குப் போனது.

அங்கே மூலையில் ஒரு மேசை உண்டு. சாயங்காலமானால் விரதக் கூட்டாளிகள் கூடுவது அங்கேதான். கிழமை மாறும், சாமி மாறும், மேசை மாறாது. அன்று சீக்கிரமே வந்திருந்தவர் கொம்பையா. அரிசி மண்டி வைத்திருப்பவர். சோறு மட்டும் தொடமாட்டார்.

"என்ன நயினார், முகமெல்லாம் வெளிச்சமா இருக்கு? அம்மா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலவே. சாப்பிட்டாவ."

"எத?"

"என் விரதத்த! பையில கொண்டு போனது பூராத்தையும்! ஒரு வடை மிச்சம் வைக்கல."

கொம்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏத்துக்கிட்டாவன்னு அர்த்தம்வே!"

"அப்படித்தான எனக்கும் பட்டுது."

"சந்தேகமே இல்ல. உம்ம விரதம் பலிச்சிட்டு. இனிமே கொண்டு போறதை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொண்டு போரும்."

குரு செய்வதைச் சீடன் எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். அதைத் தடுக்கச் சட்டம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் ஒரு கொம்பையா இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சந்தோஷத்தில் மேசைக்கே நெய் ரோஸ்ட் சொன்னார் நயினார். பில் வந்தபோது கொம்பையா கையை நீட்டினார். நயினார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னைக்கு என் கணக்கு. பேசப்பிடாது."

நேற்றும் அவர் கணக்குதான்.

வீட்டில் பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். பேச்சியம்மாள் அவர் மனைவி. ஒரு அடுப்பில் மகளுக்கும் தனக்கும் சோறு, மறு அடுப்பில் இவருக்குப் பலகாரம் என்று எட்டு மாதமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பவள்.

"அம்மா வாறாவ. நாளைக்கு ஜமாய்ச்சிரணும்."

"யாருக்கு என்ன வைக்கணும்? அதச் சொல்லுங்க."

"அம்மாவுக்கும் எனக்கும் பூரி, வெங்காயம் போடாத கிழங்கு, அடை, அவியல். கோதுமை அல்வா நான் வாங்கிட்டு வந்துருதேன். நெய் இருக்கா?"

"இல்ல."

"வாங்கிருவோம்."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு வழக்கம்போல."

பேச்சியம்மாள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். அப்புறம் உளுந்து டப்பாவைத் திறக்கப் போனாள்.

மறுநாள் உலகம்மை நடந்தே வந்தார். நல்ல வெயில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

கூடத்தில் இரண்டு தலைவாழை இலை. இலைக்கு முன்னால் கோலம். மூலையில் ஊதுபத்தி. இலை நிறைய பதார்த்தம். நயினார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க. எல்லாம் சூடா இருக்கு."

உலகம்மை உட்காரவில்லை.

"பகவதி எங்க?"

"அவ அடுக்களையில சாப்பிடுதா. திரும்பக் கடைக்குப் போணும்லா, நேரமாச்சு."

"நானும் அங்கயே இருக்கேன்."

நயினார் தடுப்பதற்குள் அவர் அடுக்களைக்குள் போய்விட்டார்.

பகவதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். முன்னால் எவர்சில்வர் தட்டு. ஒரு கையில் போனைப் பிடித்து எதையோ படித்துக்கொண்டே பிசைந்துகொண்டிருந்தாள். உலகம்மையைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"நீ இரி தாயி." உலகம்மை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பேச்சியம்மா, இவளுக்கு என்ன வச்சியளோ அதையே எனக்கும் வைங்க."

பேச்சியம்மாள் வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"அம்மா, அது வந்து... வெறும் ரசந்தான்" என்றார் நயினார். "உங்களுக்குத் தனியா எல்லாம் செஞ்சிருக்கு."

"அது விரதக்காரங்களுக்குள்ள சாப்பாடு அண்ணாச்சி. நான் விரதம் இல்லையே. பசியோட வந்திருக்கேன்."

தட்டு வந்தது. சோறு, ரசம், ஓரத்தில் ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாய்.

குரு அடுக்களையில் உட்கார்ந்திருக்கும்போது சீடன் கூடத்தில் உட்கார முடியுமா? நயினார் தன் இலையை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பூரி சரிந்தது. அவியல் வழிந்தது. ஒருவழியாக இரண்டு பேருக்கும் எதிரில் விரித்து உட்கார்ந்தார்.

அந்த அடுக்களையில் அவர் உட்கார்ந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. இடம் சின்னது. அவருடைய இலையின் நுனி மகளுடைய முழங்காலில் இடித்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். உலகம்மை ரசச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டார். நடுவில் தட்டின் ஓரத்தைப் பார்த்தார்.

"தொட்டுக்க காய் எதுவும் இருக்கா தாயி?"

"ஊறுகா இருக்கும்மா" என்றாள் பகவதி. "காய் ஞாயித்துக்கிழமை கறியோட சேத்துப் பண்ணுவாவ. ரெண்டு காய் வைப்பாவ அன்னைக்கு."

"மத்த நாளு?"

"மத்த நாளு அப்பா விரதம்லா."

கரண்டு இல்லாத நாளில் ஃபேன் ஓடாது என்று சொல்வது மாதிரி சொன்னாள். குறை சொல்கிற குரலே இல்லை. சொல்லிவிட்டு ஊறுகாயின் தோலைக் கிள்ளி ஒரு உருண்டைக்குத் தொட்டுக்கொண்டாள்.

நயினாரின் கையில் ஒரு துண்டுப் பூரி இருந்தது. அது வாய்க்குப் போகவில்லை.

"ஏட்டி, என்ன சொல்லுத? நான் காய் வாங்க வேண்டாம்னா சொன்னேன்?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டா காசு குடுக்க மாட்டேனா?"

பேச்சியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"குடுப்பிய. விரதத்துக்குன்னு கேட்டா உடனே குடுப்பிய. நெய்யிக்குக் குடுப்பிய, முந்திரிக்குக் குடுப்பிய. வீட்டுக்குன்னு கேட்டா, பேச்சி, கொஞ்சம் கட்டுசெட்டா இரு, நான் வாயக் கட்டித்தான இருக்கேன்னு சொல்லுவிய. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? சாமி காரியத்துல வாய வச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

"எட்டு மாசமாவா?"

"நீங்க தொடங்குன நாள்ல இருந்து."

நயினார் மகளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தோள் எலும்பு தெரிந்தது. கையில் போட்டிருந்த கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண். இவ்வளவு நாளும் இதே வீட்டில்தான் இருந்திருக்கிறாள். இவ்வளவு நாளும் இதே கண்தான் இவருக்கும்.

"நீயாவது சொல்லக் கூடாதாட்டி?" குரல் உடைந்துவிட்டது.

பகவதிக்கு அவர் ஏன் கலங்குகிறார் என்று புரியவில்லை. அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தாள்.

"இதுல என்னப்பா இருக்கு? எனக்காகத்தான நீங்க சாப்பிடாம இருக்கிய."

நயினாரின் இலையில் அல்வா நெய்யில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தத் துண்டுப் பூரியைக் கீழே வைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வெட்கம் வந்தால் அதைப் பார்க்கச் சகிக்காது. பேச்சியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

தவசுப்பிள்ளை சுப்பையா. விருந்துச் சமையலுக்கு ஊரில் அவர்தான். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள். போனைக் காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு விருந்துக்கு இப்பவே சாமான் எடுத்தாத்தான் சரியா வரும். கடையில நிக்கேன். மஞ்சப்பையைக் குடுத்து விடுதியளா, நான் வந்து வாங்கிக்கிடட்டா?"

நயினார் போனைக் கையால் பொத்திக்கொண்டு உலகம்மையைப் பார்த்தார்.

"அம்மா, சாமிக்குச் சொன்ன வாக்கு. விட்டா சாமி குத்தம் ஆயிருமா?"

உலகம்மை தட்டைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க. நல்லா இருக்கு."

"அம்மா, உங்களத்தான் கேக்கேன்."

"நான் சாப்பிடுதேன்லா அண்ணாச்சி. வேண்டினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

போனுக்குள் சுப்பையா கத்திக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, கேக்கா? லைன்ல இருக்கியளா?"

நயினார் போனை வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

"இருக்கேன்வே. சாமான் எடுக்க வேண்டாம்."

"என்னது?"

"வேண்டாம்ங்கேன். விருந்து கிடையாது."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய! நூறு பேருக்குச் சொல்லியாச்சே. வீட்டுல யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்கு நானும் என் மகளும் திருநெல்வேலி போறோம். காலேஜுல பணம் கட்டணும்."

பகவதி நிமிர்ந்தாள். தட்டில் கை அப்படியே நின்றது.

"அப்ப ஊருக்கு என்ன பதில் சொல்ல? கொம்பையா அண்ணாச்சி கேட்டா என்ன சொல்ல?"

"அவன் அரிசி மண்டி வச்சிருக்கான்லா, அவன் வீட்டுல சோத்துக்கு ஒலை வைக்கச் சொல்லும்."

போனை அணைத்தார். பேச்சியம்மாளிடம், "அந்தப் பையை எடுத்து இவ கையில குடு. என் கையில குடுக்காத" என்றார்.

பேச்சியம்மாள் போன வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டாள். பை வந்தது. பகவதி எச்சில் கையோடு இருந்ததால் அம்மாக்காரி அதை அவள் மடியில் வைத்தாள். பகவதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"நெசமாவாப்பா?"

நயினார் தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, அவியல் வழியாமல், மெதுவாக மகளுக்கு முன்னால் தள்ளினார். அவளுடைய தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். பாதி பிசைந்த ரசச் சோறு. ஒரு உருண்டை உருட்டினார்.

பகவதி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அப்பா! அது சோறு! இன்னைக்கு விரதம்லா?"

"ஆமாட்டி," என்றார் நயினார். "இன்னைக்குத்தான் ஆரம்பிக்கேன்."